பாதியில் நின்ற ஸ்வெட்டர்

"கிறிஸ்துமஸுக்குள்ள முடிச்சிடுவேனா, டீச்சர்?"

கேட்டவர் சவரிமுத்து. வயது அறுபத்து மூன்று. குன்னூரில் ஒரு தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர்.

டீச்சர் ஹசீனாவுக்கு முப்பத்தொன்று. சனிக்கிழமை காலைகளில் தன் வீட்டு முன்னறையில் கம்பளி பின்னச் சொல்லிக்கொடுப்பாள். வருகிற எட்டுப் பேரில் ஆண் அவர் ஒருவர்தான்.

"யாருக்குப் பின்றீங்க?"

பையிலிருந்து எடுத்து மேஜைமேல் வைத்தார். சிவப்புக் கம்பளியில் ஒரு குழந்தை ஸ்வெட்டர். முதுகுப் பக்கம் முடிந்திருந்தது. முன்பக்கம் பாதியில் நின்றது. கைகள் தொடங்கவே இல்லை.

"பேரனுக்கு. கிறிஸ்துமஸுக்கு மக கூட்டிட்டு வர்றா. இது வீட்டுக்காரி ஆரம்பிச்சது. ஜூலைல பக்கவாதம் வந்து வலது கை விழுந்துடுச்சு."

"பேசுறாங்களா?"

"பேசிப் பழகினா பேச்சு வரும்னுதான் டாக்டர் சொல்றார். அவ பேசணுமே. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கிறா."

அவரே தொடர்ந்தார். "மடியில லைப்ரரி புக்கை விரிச்சு வச்சு, பக்கம் புரளாம துணி கிளிப் மாட்டிட்டு, படிச்சுக்கிட்டே பின்னுவா, டீச்சர். கை அதுபாட்டுக்கு ஓடும். இப்ப நான் படிச்சுக் காட்டினாலும் காதை மூடிக்கிறா."

ஹசீனா வேறொரு நூல்கண்டை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"முதல்ல இதுல பழகுங்க."

ஐந்து சனிக்கிழமை பழகினார். பிறகு மனைவி விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

வீட்டில் பின்னவில்லை. சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சிமென்ட் பெஞ்சு உண்டு. அங்கே போய் உட்கார்ந்து பின்னினார். வீட்டுக்கு வரும்போது எல்லாவற்றையும் கறிகாய்ப் பையின் அடியில் வைத்து மறைத்துக்கொண்டார்.

டிசம்பர் பிறந்த முதல் சனிக்கிழமை, மற்றவர்கள் போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை.

"கோடு தெரியுது, டீச்சர்."

"என்ன கோடு?"

"அவ விட்டதும் நான் தொடங்கினதும் சேர்ற இடத்துல. அவ பின்னினது பூ மாதிரி கிடக்கு. என்னோடது நட்டு முடுக்கின மாதிரி இருக்கு. மூணு தடவை பிரிச்சுப் பின்னிட்டேன். போகலை. ஒரு தடவை அவ தடவிப் பார்த்தாள்னா கண்டுபிடிச்சிடுவா."

"கண்டுபிடிச்சா என்ன?"

அவர் தரையைப் பார்த்தார்.

"அவளால முடியாம போனதை நான் முடிச்சேன்னு தெரிஞ்சிடும்."

ஹசீனா ஸ்வெட்டரை வாங்கி மடித்துப் பையில் வைத்தாள். ஒரு ஊசியை அவர் வலது கையில் கொடுத்தாள். இன்னொரு ஊசியைக் காகிதத்தில் சுற்றினாள்.

"இது உங்களுக்கு. இது அக்காவுக்கு."

சவரிமுத்துவுக்குக் கோபம் வந்தது.

"விளையாடுறீங்களா? அவளுக்குத்தான் கை இல்லைன்னு சொன்னேனே!"

"வலது கைன்னு சொன்னீங்க."

அவர் செருப்பைக்கூடச் சரியாக மாட்டாமல் படியிறங்கிப் போனார்.

பை இரண்டு நாள் சமையலறை மூலையில் கிடந்தது. அவர் அதைத் தொடவில்லை.

மூன்றாம் நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, மனைவி புஷ்பம் கண்ணைத் திறந்து படுத்திருந்தாள். அவர் ஸ்வெட்டரை எடுத்துவந்து அவள் பக்கத்தில் வைத்தார்.

"நான்தான் பின்னினேன். உனக்குத் தெரியாம. தப்புன்னா தப்புதான்."

அவள் பார்த்தாள். இடது கைக் கட்டைவிரல் சிவப்புக் கம்பளியின்மேல் மெதுவாக நகர்ந்தது. கோடு இருந்த இடத்தில் நின்றது.

அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கித் தலையணையில் விழுந்தது.

கொண்டுவந்திருக்கவே கூடாது என்று நினைத்தார். திரும்ப எடுக்கப் போனார். ஸ்வெட்டர் வரவில்லை. அவள் விடவில்லை.

அவளைத் தூக்கிச் சுவரோடு சாய்த்து உட்காரவைத்தார். காகிதத்தைப் பிரித்து, ஊசியை அவள் இடது கையில் கொடுத்தார். அவள் வலப்பக்கம் ஒட்டி உட்கார்ந்து, தன் ஊசியை வலது கையில் பிடித்தார். சும்மா இருந்த தன் இடது கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவள் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்த் தோளைச் சுற்றிப் போட்டுக்கொண்டார்.

முதல் கண்ணி நழுவியது. இரண்டாவதும் நழுவியது. மூன்றாவதை அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தார்.

"இ... இழுக்காதீங்க" என்றாள் புஷ்பம்.

ஐந்து மாதத்தில் அவர் கேட்ட முதல் வார்த்தை.

அடுத்த சனிக்கிழமை, ஹசீனா வீட்டு வாசலில் நின்றபடியே புகார் சொன்னார்.

"ஒரு வரிசைக்கு முக்கால் மணி நேரம் ஆகுது, டீச்சர். நேத்து ரெண்டு வரிசைதான்."

"ஏன் அவ்வளவு நேரம்?"

"ஒரு வரிசை பின்னினா ஒரு பக்கம் நான் படிச்சுக் காட்டணுமாம். நேத்து, கதையில அந்தப் பொண்ணு வீட்டை விட்டுக் கிளம்புற இடம். ஊசியைக் கீழே வச்சுட்டா. மூணு பக்கம் படிச்ச பிறகுதான் எடுத்தா. தப்பாப் படிச்சா திட்டுறா. தப்பாப் பின்னினாலும் திட்டுறா. வாய் கொழறினாலும் திட்டு மட்டும் தெளிவா வருது."

"கோடு?"

"கோடா? இப்ப ஒரே ஓட்டை, டீச்சர். சல்லடை தோத்துடும்."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார். "இன்னிக்கு உட்கார முடியாது. அவ காத்துட்டிருப்பா" என்று திரும்பி நடந்தார்.

கிறிஸ்துமஸ் அன்று காலை ஹசீனா அவர்கள் வீட்டுக்குப் போனாள். மகள் கேக் வெட்டிக் கொடுத்தாள். ஒரு வயதுப் பேரன் பாட்டியின் கட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்று பழகிக்கொண்டிருந்தான்.

சவரிமுத்து தயங்கித் தயங்கி வந்தார். கையில் ஸ்வெட்டர்.

"முடியலை, டீச்சர். முன்பக்கம் நேத்து சாயங்காலம்தான் முடிஞ்சது. இவனுக்குப் போட்டுவிட ஒண்ணும் இல்லை."

"போனாப் போகுதுப்பா" என்றாள் மகள். "அம்மா இவ்வளவு செஞ்சதே பெரிசு. போதும், இனி சிரமப்பட வேண்டாம்."

ஹசீனா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"போதுமா, அக்கா?"

புஷ்பம் மகளைப் பார்த்தாள். கணவரைப் பார்த்தாள். ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"எங்கே போதும்? இன்னும்... ரெண்டு கை... பாக்கி இருக்கே."