கட்டிக்குள் போகாத ஊசி

தணிகாசலம் பதினெட்டு வருடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பத்தேழு வயதில் பெத்தாலஜி எனும் நோய்க்குறியியல் படிக்க வந்தவர். அவருக்குக் கற்றுக்கொடுத்த டாக்டர் நஸ்ரினுக்கு வயது முப்பத்தாறு.

ஒருநாள் காலை, இஸ்திரி போடும் செல்லக்கிளி பரிசோதனைக்கு வந்தாள். இரண்டு மாதமாகக் கழுத்தில் நெறி கட்டியிருந்தது. கோலிக்குண்டு அளவு. தணிகாசலம் மெல்லிய ஊசியைக் குத்தி உறிஞ்சினார். வந்ததை ஸ்லைடில் தடவி, சாயமேற்றிப் பார்த்தார். ‘புற்றுநோய் அணுக்கள் இல்லை’ என்று எழுதி, கையெழுத்துக்கு நீட்டினார்.

நஸ்ரின் மைக்ரோஸ்கோப்பில் குனிந்தார்.

“இதுல என்ன தெரியுது, சார்?”

“ரத்தம். கொஞ்சம் கொழுப்பு.”

“நெறியோட செல்?”

“ஒண்ணுகூட இல்லை.”

“அப்போ ஊசி எங்கே போச்சு?”

தணிகாசலம் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

“அந்தம்மா வெளியே அழுதுகிட்டு உட்கார்ந்திருக்காங்க, மேடம். கேன்சர் செல் எதுவும் என் கண்ணுல படலை. இல்லைன்னு எழுதினா என்ன தப்பு?”

நஸ்ரின் அந்த வரியை அடித்துவிட்டுக் காகிதத்தை அவரிடமே கொடுத்தார்.

“அவங்ககிட்டப் போய் நடந்ததை நடந்தபடி சொல்லுங்க.”

‘பயப்படாதீங்க’ என்று எத்தனையோ பேருக்குச் சொன்ன வாய் அது. தணிகாசலம் வெளியே போய் அவள் எதிரே நின்றார்.

“அம்மா, என் ஊசி கட்டிக்குள்ள போகலை. இன்னொரு தடவை குத்தணும்.”

செல்லக்கிளி முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “நீங்க தப்பாக் குத்துவீங்க, வலி எனக்கா?”

“ஆமாம்மா. தப்பு என்னோடதுதான்.”

அவள் அவரை முறைத்துப் பார்த்தாள். பிறகு எழுந்து உள்ளே வந்து, தலையைச் சாய்த்துக் கழுத்தைக் காட்டினாள்.

இந்தத் தடவை கட்டி நழுவாதபடி இரண்டு விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குத்தினார். சிரிஞ்சுக்குள் கெட்டித் தயிர் மாதிரி மஞ்சளாகச் சீழ் ஏறியது. மறுநாள் ஸ்லைடில் காசநோய்க் கிருமிகள் தெரிந்தன. புற்றுநோய் இல்லை. ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று சொன்னதும், செல்லக்கிளி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவள் போனபின் தணிகாசலம் நஸ்ரினிடம் வந்தார். ஒன்று அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

“கேன்சர் இல்லைன்னு நான் நேத்து எழுதினது நிஜம்தானே, மேடம்?”

நஸ்ரின் அடுத்த ஸ்லைடை எடுத்து வைத்தார்.

“நிஜம்தான், சார். ஆனா அது உங்களுக்குத் தெரிஞ்சது இன்னிக்குத்தான்.”