கறுப்பு நூல் கட்டிய வெற்றிலை

முன்னொரு காலத்தில் ஓர் அரசன் தன் ஒரே மகளைக் குன்றிமணியின் நஞ்சுக்குப் பறிகொடுத்தான். பல்லாங்குழி ஆடிய குழந்தை, அழகாக இருக்கிறதென்று நாலு மணியைக் கடித்து மென்றுவிட்டது.

துக்கம் ஆறாத அரசன் ஓர் ஆணை பிறப்பித்தான். வாளும் வேலும் கொல்வதற்கென்றே செய்தவை. அவை யாரையும் ஏமாற்றுவதில்லை. அவற்றை விட்டு, அரண்மனையில் வேறு எந்தக் கொடிய பொருள் இருந்தாலும் கறுப்பு நூல் கட்ட வேண்டும். கட்டியதைத் தொட்டவன் தலை போகும். ஒன்றைக் கட்டாமல் விட்டால் கட்டுகிறவன் தலை போகும்.

அந்த வேலையை விகடகவி அம்பலத்தரசனுக்கு வாங்கிக் கொடுத்தவர் அமைச்சர் விருபாட்சர். அவன்மேல் அவருக்கு நெடுநாள் பொறாமை.

அம்பலத்தரசன் அரளியில் கட்டினான், ஊமத்தையில் கட்டினான், மருத்துவரின் பாஷாணச் சிமிழ்களிலும் கட்டினான். முடித்துவிட்டேன் என்று அவன் சபையில் சொன்ன அன்று, அமைச்சர் ஒரு சோற்றுருண்டையோடு வந்தார். போன ஆடியில் காவலன் ஒருவன் சோறு விக்கிச் செத்ததை நினைவூட்டி, இதற்கு நூல் எங்கே என்று கேட்டார்.

"எப்போதோ ஒருவனைக் கொன்றதெல்லாம் கொடியது ஆகாது, அமைச்சரே. தவறாமல் கொல்வதற்குத்தான் அந்தப் பெயர்" என்றான் அம்பலத்தரசன்.

அரசன் காதில் அது ஏறவில்லை. கொன்றது கொன்றதுதான் என்றான்.

அமைச்சர் அம்பலத்தரசனின் காதருகே குனிந்து, தம் காலில் விழுந்தால் பரிந்து பேசுவதாக முணுமுணுத்தார்.

"எங்கள் வம்சத்தில் செத்தவர்கள் உண்டு. விழுந்தவர்கள் இல்லை" என்றான் அவன்.

அந்நாட்டில் அரசன் 'கொல்' என்று வாயால் சொல்வதில்லை. தன் கையால் தலை வெட்டும் சேவகனுக்கு ஒரு வெற்றிலை கொடுப்பான், அதுவே தீர்ப்பு. அரசனின் கை தாம்பூலத் தட்டுக்குப் போனது. அதற்குள் அம்பலத்தரசன் முந்திக்கொண்டு வெற்றிலைக் காம்பில் கறுப்பு நூலைக் கட்டிவிட்டான்.

"நான் கட்டத் தவறியது சோற்றை அல்ல, அரசே, இதைத்தான். தங்கள் கையிலிருந்து இது போன ஒவ்வொரு முறையும் ஓர் உயிர் போயிருக்கிறது. ஒரு தடவைகூடத் தப்பியதில்லை."

தலை வெட்டும் சேவகன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அரசனின் கையும் பாதியில் நின்றது. நூலை அறுத்தெறியுமாறு அமைச்சர் கத்தினார்.

"தாங்களே தொடுங்கள்" என்றான் அம்பலத்தரசன்.

அவர் தொடவில்லை.

அரசன் சிரித்தான். மகள் போன பிறகு அவன் சிரித்தது அன்றுதான்; கண் மட்டும் சிரிக்கவில்லை. தன் பொற்கடகத்தைக் கழற்றி விகடகவியின் கையில் பூட்டினான். பிறகு அமைச்சரைப் பார்த்து, "அந்தச் சோற்றை வீணாக்காதீர். எங்கள் முன்னாலேயே உண்ணும்" என்றான்.

நூல் கட்டிய வெற்றிலை தட்டிலேயே காய்ந்து சருகாயிற்று. அந்த அரசன் இருந்தவரை அதை அவிழ்க்க யாருக்கும் கை வரவில்லை.