குழிக்குள் ஒரு வட்டம்

கேளுங்கள் பிள்ளைகளே, கூட இருக்கும் பெரியவர்களும் கேளுங்கள். காட்டுப் பாதைகளுக்கு இன்னும் பெயர் வைக்காத காலத்தில், கடலோரப் பட்டினம் ஒன்றில் அந்துவன் என்றொரு உப்பு வணிகன் இருந்தான்.

அவனுக்கு மூலதனமே பேச்சுத்தான். அவன் வாயைத் திறந்தால், சண்டைக்கு வந்தவன்கூட ஒரு மூட்டை உப்பு வாங்கிக்கொண்டுதான் திரும்புவான்.

ஆனால் அவனிடம் ஒரு குணம் இருந்தது. முதல் நாளே நன்றாக வராத காரியத்தை மறுநாள் தொடமாட்டான். நீச்சல் பழகப் போனான். ஒரு வாய் தண்ணீர் குடித்ததும் கரையேறிவிட்டான். யாழ் வாங்கினான்; பக்கத்து வீட்டு நாய் ஊளையிட்டதும் பரணில் போட்டுவிட்டான். கோயில் மதிலில் சித்திரம் எழுத வந்தவர்களோடு சேர்ந்து ஒரு காளையை வரைந்து பார்த்தான். "பலாப்பழத்துக்கு எதற்கப்பா கொம்பு?" என்று யாரோ கேட்க, கூட்டம் சிரித்தது. அன்றோடு கரித்துண்டையும் விட்டான்.

ஒரு மாரிக்காலத் தொடக்கத்தில் அந்துவனும் அவன் தம்பி பிட்டனும் பொதிமாடுகளை ஓட்டிக்கொண்டு மலை தாண்டிப் போனார்கள். அதுவரை அவர்கள் போகாத திசை அது. வழியில் தண்ணீர் தேடிப் போன பிட்டன், யானை பிடிக்க யாரோ வெட்டித் தழை மூடி மறந்துபோன குழிக்குள் விழுந்துவிட்டான்.

"அண்ணா, காலை அசைக்க முடியவில்லை!" என்று உள்ளிருந்து கத்தினான்.

அந்துவன் தன் மேலாடையை முறுக்கித் தொங்கவிட்டான். பாதி ஆழம்கூட எட்டவில்லை.

"ஆட்களைக் கூட்டி வா அண்ணா. மழை இருட்டிக்கொண்டு வருகிறது."

அந்துவன் ஓடினான். மலையடிவாரத்தில் ஒரு சிற்றூர் இருந்தது. ஊர்த்தலைவி ஒரு நடுவயதுப் பெண். அவள் வீட்டு முற்றத்தில் போய் நின்று, நடந்ததைச் சொன்னான். அந்த ஊர்ப் பேச்சு வேறு. அவன் சொன்னதில் ஒரு சொல்லும் அவளுக்கு விளங்கவில்லை.

இனிமையாகப் பேசினான், தேன் கலந்த தண்ணீர் கொடுத்தார்கள். உரக்கப் பேசினான், விலகி நின்றார்கள். அழுதுகொண்டே பேசினான்; பாய் விரித்து முதுகைத் தடவினார்கள். நின்றவர் ஒருவரின் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்தான். பித்துப் பிடித்தவன் என்று நினைத்து, நான்கு பேர் அவனை வீட்டுக்குள் கூட்டிப்போய் உட்காரவைத்தார்கள்.

அப்போதுதான் அடுப்பருகே கிடந்த கரித்துண்டு அவன் கண்ணில் பட்டது. எடுத்து, வெள்ளை மண் பூசிய சுவரில் தம்பியை வரையத் தொடங்கினான். பிட்டனின் சுருட்டை முடி, அரும்பு மீசை, கூர்மையான மூக்கு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வரையப் பார்த்தான். சுவரில் ஒரு கரிய புதர்தான் வந்தது.

கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்துவனின் காது சிவந்தது. கரியைக் கீழே போட்டுவிட்டு வாசலுக்கு நடந்தான். முதல் மழைத்துளி அவன் நெற்றியில் விழுந்தது.

குழியில் தண்ணீர் ஏறும் என்ற நினைப்பு வந்ததும் நின்றான். திரும்பி வந்தான்.

சிரிப்பு ஓயவில்லை. அவன் கரியை எடுத்தான். தலைக்கு ஒரு வட்டம் போட்டான். அது முட்டையாகத்தான் வந்தது. இருக்கட்டும் என்று விட்டான். உடம்புக்கு ஒரு நீளக்கட்டம். கைகால்களுக்குக் கோடுகள். ஒரு காலை மட்டும் நடுவில் முறித்து வரைந்தான். அந்த ஆளைச் சுற்றி, மேல்பக்கம் திறந்த ஒரு சதுரம் போட்டான்.

சிரிப்பு நின்றது. தலைவி அருகே வந்து பார்த்தாள். சதுரத்தைத் தொட்டு, தன் வீட்டுச் சுவர்களைச் சுட்டிக் காட்டினாள்.

"வீடு இல்லையம்மா, வீடு இல்லை!" என்று தலையை ஆட்டினான் அந்துவன். சதுரத்துக்கு மேலே வரிசையாக மூன்று முக்கோணங்கள் வரைந்தான். வாசல் வழியே தெரிந்த மூன்று மலைமுகடுகளைக் காட்டினான். நடு முக்கோணத்திலிருந்து சதுரத்துக்கு ஒரு கோடு இழுத்தான். மேலிருந்து சிறுசிறு கோடுகளாக மழையை இறக்கினான்.

தலைவி அவன் கையிலிருந்து கரியை வாங்கினாள். சதுரத்துக்குள் இறங்கும்படி நெளிநெளியாக ஒரு கயிறு வரைந்தாள். இதுவா என்பதுபோல் அவன் முகத்தைப் பார்த்தாள்.

ஆமாம் என்று தலையசைத்தான் அந்துவன். மலையைக் காட்டிக்கொண்டே வாசலுக்கு ஓடினான்.

ஊரே கயிறும் ஏணியுமாகக் கிளம்பியது. அவர்கள் போய்ச் சேர்ந்தபோது குழித் தண்ணீர் பிட்டனின் மார்பைத் தொட்டிருந்தது. தூக்கி எடுத்து, தலைவி வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தி, அவன் காலுக்கு மூங்கில் வைத்துக் கட்டினார்கள்.

மறுநாள் காலையில் கண் விழித்த பிட்டன் எதிர்ச்சுவரைப் பார்த்தான். நெடுநேரம் பார்த்தான்.

"அண்ணா, அது நானா?"

"நீதான்."

"எனக்குக் காதே இல்லையே?"

"காது வரைய இன்னும் எனக்கு வரவில்லை தம்பி. இன்றைக்குப் பழகலாம் என்று இருக்கிறேன்" என்றான் அந்துவன். அடுப்பருகே போய், நல்ல கரித்துண்டாக ஒன்றைத் தேடத் தொடங்கினான்.

ஆகவே கேட்டவர்களே, கோணலாக வருமே என்று கூசாமல் முதல் கோட்டைப் போடுகிறவனுக்கே எந்த வித்தையும் கைகொடுக்கும்.