நாற்பது வளைவுகளும் ஒரு பணியாரப் பலகையும்

பொன்னலூர் அரசர் மாவளவர் ஒருநாள் யானை மேல் ஊர்வலம் போனார். தேரடி வீதியில் ஒரு கடை வாசலில் 'சுடச்சுட அல்வா' என்று பலகை தொங்கியது. பக்கத்தில் நெய் ஒழுகும் கிண்ணம் ஒன்றும் வரைந்திருந்தார்கள். ஊர்வலம் போவது பசிக்கிற வேலை. அரசர் யானையை விட்டு இறங்கி, கிரீடத்தோடு கடைக்குள் நுழைந்தார். உள்ளே துடைப்பம் விற்றுக்கொண்டிருந்தார்கள். அல்வாக் கடை மூன்று தெரு தள்ளி இருக்கிறதாம். அங்கே நடந்து போய்ச் சேர்ந்தபோது அல்வா தீர்ந்திருந்தது.

மறுநாளே சட்டம் பிறந்தது. ஒரு பலகை எந்தச் சரக்கைச் சொல்கிறதோ, அந்தச் சரக்கிலிருந்து பத்தடிக்குள்தான் அது இருக்க வேண்டும். மீறினால் பலகை அரண்மனை அடுப்புக்குப் போகும்.

நகர அதிகாரி வீரபாகு அளவுகோலோடு கிளம்பினார். முதலில் மாட்டியது காத்தாயியின் பணியாரக் கடை. சங்கிலிச் சந்தின் கடைசியில் இருந்தது அது. இரண்டு ஆடுகள் எதிரெதிரே வந்தால் ஒன்று பின்வாங்க வேண்டிய சந்து. அதனால் சந்து முனையில் பலகை வைத்திருந்தாள். அங்கிருந்து அடுப்புக்கு முப்பத்தெட்டு அடி. பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான்கு நாள் ஈ மட்டும் வந்தது. ஐந்தாம் நாள் சாத்தப்பன் வந்தார். அரசவையில் வாய்க்குப் பேர்போனவர், காத்தாயியின் பணியாரத்துக்கு வாயை அடகு வைத்தவர்.

"என்ன காத்தாயி, மாவு அப்படியே இருக்கு?"

"ஆள் வந்தாத்தானே ஐயா மாவு குறையும்? பலகை இல்லாம இங்க கடை இருக்குன்னு யாருக்குத் தெரியும்? இன்னும் ரெண்டு நாள் பார்ப்பேன். அப்புறம் கடையை மூடிட்டுத் தம்பி ஊருக்குப் போயிடுவேன்."

"பலகையைக் கடை வாசல்லயே வச்சா என்ன?"

"வாசல் வரைக்கும் வந்தவனுக்குப் பலகை எதுக்குங்க? அவனுக்குத்தான் வாசனையே வந்துடுதே."

சாத்தப்பன் வாதத்தில் தோற்றார். அரசவையில் அவருக்கு அப்படி நேர்ந்ததே கிடையாது.

திரும்பும் வழியில் தெற்கு வாசலில் நின்றார். அரசர் பிறந்தநாளுக்காக வீரபாகு ஊரெங்கும் நாற்பது வளைவுகள் கட்டியிருந்தார். 'கருணைக் கடலே! கேட்டதைக் கொடுக்கும் வள்ளலே!' மேலே அரசர் படம், தேங்காய் அளவு. கீழே கைகூப்பி நிற்கும் வீரபாகு, தென்னை அளவு. சாத்தப்பன் அருகே இருந்த தச்சரிடம் ஒரு அளவுகோல் இரவல் கேட்டார்.

மறுநாள் அரசவையில் எழுந்து நின்றார்.

"அரசே, ஒரு புகார். நாற்பது பலகைகள் சட்டத்தை மீறி நிற்கின்றன."

"யாருடையவை?"

"உங்களுடையவை."

அவையில் யாரோ இருமினார்கள். 

"தெற்கு வாசல் வளைவில் 'கருணைக் கடல்' என்று எழுதியிருக்கிறது. நாலு பக்கமும் பத்தடி அளந்தேன். ஒரு கழுதையும் ஒரு குப்பைமேடும் இருந்தன. இரண்டில் கருணைக் கடல் எது என்று அதிகாரி சொன்னால் உட்கார்ந்துவிடுகிறேன்."

வீரபாகு துள்ளி எழுந்தார். "மகாராஜா, இவர் குதர்க்கம் பேசுகிறார். கருணை அரண்மனையில் இருக்கிறது. வளைவு அதற்கு வழி காட்டுகிறது. சரக்கு தள்ளி இருந்தால் என்ன? பலகை வழி காட்டினால் போதாதா?"

"போதும் என்கிறீர்களா?" என்றார் சாத்தப்பன்.

"தாராளமாகப் போதும்."

"காத்தாயியின் பலகையும் வழிதான் காட்டியது, அரசே. பணியாரம் முப்பத்தெட்டு அடியில் இருந்தது. கருணை இருப்பதோ அரைக் காதம்."

அரசருக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அல்வா மறக்கவில்லை. "சரி, வழி காட்டட்டும். ஆனால் பலகையை நம்பிப் போகிறவனுக்குச் சொன்ன சரக்கு கிடைத்தாக வேண்டும். கிடைக்காவிட்டால் பலகை அடுப்புக்கு."

காத்தாயியின் பலகை இன்னும் எரியவில்லை. சமையல்காரர் அதைக் குழம்புச் சட்டிக்கு மூடியாக வைத்திருந்தார். கழுவிக் கொடுத்தார்.

மறுநாள் காலை அரண்மனை வாசலில் பெருங்கூட்டம். அரசர் மாடத்திலிருந்து பார்த்தார்.

"யார் இவர்கள்?"

"பலகையைப் பார்த்து வந்தவர்கள், அரசே," என்றார் சாத்தப்பன். "கேட்டதைக் கொடுக்கும் வள்ளல் இங்கே இருப்பதாக எழுதியிருக்கிறதாம். தெற்கு வாசல்காரர்கள் இன்னும் நடந்து வந்துகொண்டிருக்கிறார்கள்."

முதலில் வந்தவர் ஒரு பசு கேட்டார். கிடைத்தது. அடுத்தவர் படையிலிருந்து மருமகனைத் திருப்பி அனுப்பச் சொன்னார். அதுவும் ஆயிற்று. மூன்றாவது ஆள் அரசரின் யானையைக் கேட்டார்.

"வீரபாகு, வளைவுகளைப் பிரித்துவிடு."

"நாற்பதையுமா மகாராஜா? என் படத்தை மட்டுமாவது..."

"வைத்துக்கொள். ஆனால் பக்கத்திலேயே நீயும் நில். சரக்கு பத்தடிக்குள் இருக்கட்டும்."

நண்பகலுக்குள் நாற்பது வளைவும் போயின, படத்தோடு சேர்த்து. நடந்து வந்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்ப அரசருக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் பணியாரம் என்று அறிவித்தார். தானும் இறங்கி நடந்தார். சந்து முனையில் பலகை இருந்தது. அதைப் பார்த்து உள்ளே திரும்பினார். கிரீடம் இரண்டு இடத்தில் சுவரில் இடித்தது. கடைசியில் காத்தாயி இருந்தாள், அடுப்பு எரிந்தது, பணியாரம் சுடச்சுட இருந்தது.

ஆறாவதை முடித்துவிட்டு அரசர் நிமிர்ந்தார். "சாத்தப்பா, உனக்கு என்ன வேண்டுமோ கேள்."

சாத்தப்பன் தயங்கினார். "கேட்கலாமா, அரசே? வளைவுகளைத்தான் பிரித்துவிட்டோமே."

அரசர் வாய் நிறையப் பணியாரத்தோடு சிரித்தார். சிரித்து முடிந்ததும், தன் இலையில் மிச்சமிருந்த இரண்டை அவர் பக்கம் தள்ளினார்.