சூசையம்மாளின் பதில்

"முதல் பிள்ளையைக் கூப்பிட்டா, பேரில்லாத ஒண்ணு வந்து நிக்குது டீச்சர்," என்றார் திரவியம்.

ஆக்னஸ் திரையைப் பார்த்தாள்.

வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற திரவியம் அவளிடம் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொண்டிருந்தார். அவள் அவருடைய மகள் வயதுதான். ஆனாலும் அவருக்கு அவள் டீச்சர். அவளுக்கு அவர் அண்ணாச்சி.

புயலில் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்களின் வீட்டார் கொடுத்த வாக்குமூலங்கள், எக்ஸ்எம்எல் கோப்புகளாக வந்திருந்தன. ஒவ்வொரு கேள்வியும் ஒரு கணு, அதாவது ஒரு தனிப் பெட்டி; ஒவ்வொரு பதிலும் ஒரு கணு. கோப்புக்குள் அடங்கிய கணுக்களைப் பிள்ளைகள் என்பது நிரல் எழுதுபவர்களின் வழக்கு. கணினி அவற்றை உரக்க வாசிக்க வேண்டும். எழுத்தறியாதவர்கள் கேட்டுச் சரிபார்த்துக் கைநாட்டு வைப்பார்கள்.

வாசிக்கும் நிரல் திரவியத்தின் பொறுப்பு.

கணுக்களுக்கு நடுவே, தட்டச்சு செய்தவர் பார்வைக்காக விட்ட இடைவெளிகள் இருந்தன. கணினி அவற்றையும் பிள்ளைகளோடு சேர்த்து எண்ணியது.

"எல்லாத்தையும் அழிச்சிரட்டுமா?"

"உள்ளே யாருன்னு பாத்துட்டு அழிங்க, அண்ணாச்சி."

"யாருமில்ல டீச்சர். வெறும் இடைவெளி."

அவள் பதில் சொல்லவில்லை. அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார் திரவியம்.

இடைவெளி மட்டும் இருந்த இடங்களையெல்லாம் அழித்தார். அழித்த பிறகு காலியாகிப்போன கணுக்களையும் நீக்கினார். மிஞ்சிய கேள்விகளையும் பதில்களையும் வரிசைப்படி ஜோடி சேர்த்தார். நிரல் பிசிறில்லாமல் ஓடியது.

மத்தியானம் சூசையம்மாள் வந்தாள். இளைய மகன் கிளீட்டஸ் அவளைக் கூட்டி வந்திருந்தான். மூத்தவன் வின்சென்ட் புயலில் போனவன்.

கணினி அலுங்காத பெண் குரலில் வாசித்தது.

"மூத்த மகன் வின்சென்ட் இப்போது எங்கே?"

"வீட்டுலதான் இருக்கான். அடுக்களையில கஞ்சி குடிச்சிட்டிருக்கான்."

சூசையம்மாள் மெல்ல எழுந்து நின்றாள். வீட்டுக்குக் கிளம்புவதுபோலப் பையைத் தோளில் மாட்டினாள். அவள் முகம் போன போக்கைப் பார்க்க முடியாமல் திரவியம் தலையைக் குனிந்துகொண்டார்.

"இளைய மகன் கிளீட்டஸ் எங்கே?"

"கெடைக்கல. கடல் இன்னும் தரல."

அவள் கை காற்றில் துழாவி, பக்கத்தில் இருந்தவனின் மணிக்கட்டைப் பிடித்தது.

"அம்மா, நான் இங்கதான் இருக்கேன்," என்றான் கிளீட்டஸ். அவள் பிடியை விடவில்லை. அவனும் தன் கையைத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டான்.

திரவியம் வாசிப்பை நிறுத்தினார். இப்படி ஒரு வார்த்தையைத் தான் எழுதவே இல்லை என்று ஆக்னஸிடம் முணுமுணுத்தார்.

அவள் அவரைப் பக்கத்து அறைக்கு அழைத்துப்போனாள். வாக்குமூலம் வாங்கிய அதிகாரி எடுத்த ஒலிப்பதிவை ஓட விட்டு, விரலை உதட்டில் வைத்தாள்.

வின்சென்ட் எங்கே என்று அதிகாரி கேட்டார்.

அதன்பின் ஒன்றுமில்லை.

எங்கோ அலை புரண்டது. தூரத்தில் ஒரு பாத்திரம் விழுந்தது. பிறகு மிக அருகில், காதோரத்தில், யாரோ மூச்சு விட்டார்கள்.

பதிவு நின்றுபோனதோ என்று திரவியம் கையை நீட்டினார். ஆக்னஸ் அந்தக் கையைத் தடுத்தாள்.

வெகுநேரம் கழித்து, இளைய மகனைப் பற்றிய கேள்வி வந்தது. அடுக்களைப் பதிலும் வந்தது. 'கெடைக்கல' என்றது அதற்கடுத்து, மூத்தவனின் உடல் கிடைத்ததா என்ற கேள்விக்கு.

திரவியம் மூலக் கோப்பைத் திறந்தார். மூத்தவனைப் பற்றிய கேள்விக்குக் கீழே பதில் கணு இருந்தது. அதற்குள் தட்டச்சு செய்தவர் இடைவெளி மட்டும் விட்டிருந்தார். பார்வைக்கு அது மற்ற இடைவெளிகளைப் போலவேதான் இருந்தது.

உட்கார்ந்து நிரலைத் திருத்தினார். கணுக்களுக்கு நடுவே கிடந்ததை எடுத்தார். பதிலுக்குள் இருந்ததைத் தொடவில்லை.

சூசையம்மாளை மறுபடி உட்காரவைத்தார்கள்.

"மூத்த மகன் வின்சென்ட் இப்போது எங்கே?"

கணினி பேசாமல் நின்றது.

மின்விசிறி மட்டும் சுற்றியது. இயந்திரம் பழுதாகிவிட்டதோ என்று கிளீட்டஸ் திரவியத்தைப் பார்த்தான். திரவியம் அசையவில்லை.

சூசையம்மாள் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இதுதான் நான் சொன்னது," என்றாள்.