மூன்று மெர்சிகள்

"இந்தக் குடும்பத்துக்கும் எனக்கும் ஒத்து வராது டீச்சர். என்னை விட்டுடுங்க."

பெர்க்மான்ஸ் கையிலிருந்த தடித்த புத்தகத்தை மேசைமேல் போட்டார். தேநீர்க் கோப்பை குதித்து அடங்கியது.

சலேத் டீச்சர் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"யாரு என்ன பண்ணாங்க அண்ணே?"

"செத்துப்போனவங்கதான். உயிரோட இருக்கிறவங்கன்னா ஒரு அதட்டல் போடலாம். இவங்களை என்ன செய்யிறது?"

அது அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு சின்ன ஊர். ஊரைவிடக் கல்லறைத் தோட்டம் பெரியது. வெள்ளைக்காரர்கள் கப்பலிலிருந்து இறங்கிய காலந்தொட்டு அங்கே சில குடும்பங்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு வம்சப் புத்தகம். ஒவ்வொரு புத்தகத்திலும் பிழை.

அந்தப் பிழைகளைத் திருத்திக் கொடுப்பது சலேத் டீச்சரின் வேலை. லால்குடிக்காரருக்கு இந்த வேலை எப்படி வாய்த்தது என்று கேட்டால், "கல்யாணம் பண்ணி வந்தேன். குளிர் தாங்கலை. நூலகத்துக்குள்ள போய் உட்கார்ந்தேன்" என்பார். அதோடு சரி.

பெர்க்மான்ஸ் அவரைவிட மூத்தவர். திருச்சியில் ஓர் அச்சகத்தில் ஆயுள் முழுக்க மெய்ப்புப் பார்த்தவர். ஓய்வு பெற்று மகள் வீட்டுக்கு வந்தார். பேச ஆளில்லாமல் டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

"பிழை என் கண்ணுக்குத் தப்பாது. மத்ததை நீங்க கத்துக்கொடுங்க" என்று கேட்டுக்கொண்டார்.

டீச்சர் சரி என்றார். ஆனால் அவர் எதையும் கற்றுக்கொடுத்ததாகப் பெர்க்மான்ஸுக்குத் தெரியவில்லை. கேள்வி கேட்டால் பீன்ஸ் நறுக்குவார். இன்னொரு தரம் கேட்டால் ஜன்னலைத் துடைப்பார்.

"தார்ன்பரி குடும்பம்தானே?"

"அவங்களேதான். மனுஷங்களா இவங்க? ஒரு தலைமுறையில ஏழு ஜான். பெரிய ஜான், சின்ன ஜான்னு போட்டிருந்ததைப் பார்த்து அப்பனும் மகனும்னு நினைச்சு வேலையை முடிச்சேன். பார்த்தா ரெண்டு பேருக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஊர்ல ரெண்டு ஜான் இருந்தா வயசானவன் பெரியவன், மத்தவன் சின்னவன். இதை யாரு எங்கிட்ட சொன்னா?"

"நீங்களே கண்டுபிடிச்சீங்க."

"கண்டுபிடிச்சு என்ன? அந்தப் புது வருஷக் கூத்தைப் பாருங்க. மே மாசம் கல்யாணம். அதே வருஷம் பிப்ரவரியில பிள்ளைன்னு எழுதியிருக்கு. குடும்பமே நூறு வருஷமா அந்தப் பொண்ணு பேரைச் சொல்லாம மூடி மறைச்சிருக்காங்க. அந்தக் காலத்துல இங்க மார்ச் கடைசியிலதான் வருஷம் பிறக்கும், பிப்ரவரி வந்தது கல்யாணத்துக்கு அப்புறம்னு நான் போய்ச் சொன்னேன். ஒரு நன்றி உண்டா? அந்த வீட்டு மூத்த கிழவி என்ன கேட்டாங்க தெரியுமா?"

"என்ன கேட்டாங்க?"

"'அப்போ இவ்வளவு நாள் நாங்க வெட்கப்பட்டதெல்லாம் வீணா?'ன்னு கேட்டாங்க."

டீச்சர் சிரித்தார். கத்தி மட்டும் நிற்கவில்லை.

"சிரிக்காதீங்க டீச்சர். நாளைக்குக் காலையில கல்லுக்குப் பேர் போகணும்."

அதுதான் விஷயம். வரும் ஞாயிற்றுக்கிழமை தார்ன்பரி குடும்பத்தார் நாலாபக்கமிருந்தும் வந்து கூடுகிறார்கள். தங்கள் முதல் தாயான பேஷன்ஸ் தார்ன்பரிக்கு நினைவுக் கல் நடுகிறார்கள். மேலே அவள் பெயர், அதன்கீழ் அவள் பெற்ற பிள்ளைகளின் பெயர்கள். கல் வந்து இறங்கிவிட்டது. பெயர் வெட்டுகிற எஸ்ரா உளியோடு காத்திருக்கிறார்.

காகிதத்தில் பிழை வந்தால் அடுத்த பதிப்பில் பார்த்துக்கொள்ளலாம். கல்லுக்கு அடுத்த பதிப்பு கிடையாது. அந்த நினைப்பே பெர்க்மான்ஸை இரண்டு நாளாகத் தூங்கவிடவில்லை.

"பிள்ளைங்க பேரைப் படிங்க" என்றார் டீச்சர்.

"ஜான். மெர்சி. சாமுவேல். டார்க்கஸ். நாலு பேரு."

"புத்தகத்துல ஆறு இருக்குமே."

"இருக்கு. ஜான், மெர்சி, சாமுவேல், மெர்சி, டார்க்கஸ், மெர்சி. அச்சுக்கோத்தவன் தூங்கி வழிஞ்சிருக்கான். ரெண்டு மெர்சியை நான் அடிச்சுட்டேன்."

கத்தி நின்றது.

"ஏன் அடிச்சீங்க?"

"ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தா அடிக்கணும் டீச்சர். அச்சகத்துல சேர்ந்த அன்னைக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்."

"மூணுக்கும் ஞானஸ்நானத் தேதி வேற வேற."

"யாரோ மூணு இடத்துல பார்த்து மூணு விதமா எழுதியிருக்கான். ஆனா இறந்த தேதி ஒண்ணுதான் இருக்கு. கல்யாணமாகி, கிழவியாகி, நிம்மதியாப் போய்ச் சேர்ந்த ஒரு மெர்சிதான் இருக்கா. ஒரு ஆளு எத்தனை தடவை சாக முடியும்?"

"ஒரு தடவைதான்" என்றார் டீச்சர். "எத்தனை தடவை பிறக்க முடியும்?"

பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தார். அதற்குள் தொலைபேசி அலறியது.

அழைத்தவர் அந்தக் குடும்பத்தின் மூத்தவர், வினிஃப்ரெட் தார்ன்பரி. எண்பதைத் தாண்டியவர். காது மந்தம். தனக்குக் கேட்காதது மற்றவருக்கும் கேட்காது என்று நினைத்துக் கத்திப் பேசுவார்.

"மிஸ்டர் பெர்க்மான்ஸ்! அந்த மெர்சி விவகாரம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது மேடம். ஒண்ணுதான்."

"நல்லது! கல்லுல மூணு தடவை ஒரே பேர் இருந்தா வர்றவங்க எங்களைப் பார்த்துச் சிரிப்பாங்க. எங்க அப்பா காலத்துலேர்ந்தே நான் சொல்றேன், அது அச்சுப்பிழைன்னு. நீங்க ஒருத்தர்தான் புத்திசாலி."

தொலைபேசியை வைத்ததும் பெர்க்மான்ஸ் டீச்சரைப் பார்த்தார். பாராட்டு காதில் விழுந்ததா என்பது போன்ற பார்வை.

டீச்சர் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"வாங்க அண்ணே."

"எங்க?"

"பேஷன்ஸ் வீட்டுக்கு."

"அவங்க வீடு இடிஞ்சு முந்நூறு வருஷமாச்சு!"

"அப்போ கதவு திறந்துதான் இருக்கும்."

இதுதான். இதுதான் அவரால் தாங்க முடியாதது. நேராக ஒரு பதில் சொன்னால் என்ன குடி முழுகிவிடும்? முணுமுணுத்துக்கொண்டே பெர்க்மான்ஸ் குல்லாயைத் தேடி எடுத்தார்.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய பாதையில் நடந்தார்கள். கடற்காற்று காதை அறுத்தது.

"அண்ணே, உங்க வீட்ல உங்களை என்னன்னு கூப்பிடுவாங்க?"

"இப்போ எதுக்கு அது?"

"சும்மா கேட்டேன்."

"குப்பை."

"குப்பையா?"

"எனக்கு முன்னாடி ரெண்டு தங்கலை. மூணாவதா நான் வந்ததும் குப்பைமேட்டுல போட்டு எடுத்தாங்களாம். கோயில்ல பெர்க்மான்ஸ்னு பேர் வெச்சதோட சரி. எங்க அம்மா வாயில அந்தப் பேர் வந்ததே இல்லை. நல்ல பேரா சொல்லிக் கூப்பிட்டா சாவுக்குக் காது கேட்டுடும்னு அவங்களுக்குப் பயம்."

"அந்த ரெண்டு பேர்? அவங்க பேரு?"

"தெரியாது. அம்மா சொன்னதில்லை. ஒரு தடவை கேட்டேன். எழுந்து போயிட்டாங்க."

சொல்லிவிட்டு அவர் பாதையோரப் பனியை உதைத்தார். "இதுக்கும் தார்ன்பரிக்கும் என்ன சம்பந்தம்? எப்பப் பார்த்தாலும் சுத்தி வளைச்சு…"

டீச்சர் நின்றார். பாதையோரம் ஒரு பள்ளம். பள்ளத்தைச் சுற்றிப் பாசி பிடித்த அடித்தளக் கற்கள். நடுவே இலையுதிர்ந்த ஒரு புதர். வாசல் இருந்த இடத்தில் ஒரு தேய்ந்த படிக்கல் கிடந்தது.

"அதுல ஏறி நில்லுங்க."

"ஏறி?"

"பேஷன்ஸ் பிள்ளைங்களைச் சாப்பிடக் கூப்பிடுங்க. மூத்ததுலேர்ந்து. புத்தகத்துல இருக்கிற மாதிரியே."

"டீச்சர், யாராவது பார்த்தா போலீஸுக்குச் சொல்லிடுவாங்க."

"சத்தமாக் கூப்பிடுங்க. விளையாடப் போன பிள்ளைங்க தூரத்துல இருக்கும்."

நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் தூரத்தில் போனார். அவர் வளைவைத் தாண்டும்வரை பெர்க்மான்ஸ் தொண்டையைச் செருமிக்கொண்டே நின்றார். பிறகு, இந்த வேலை முடிந்தால் போதும் என்று, கத்தினார்.

"ஜான்!"

ஒரு காக்கை எழுந்து பறந்தது.

"மெர்சி! சாமுவேல்!"

"அடுத்தது."

"மெர்சி!"

"ஏன் அண்ணே குரல் இறங்குது?"

"இறங்கலை. டார்க்கஸ்!"

"ம்."

பெர்க்மான்ஸ் வாயைத் திறந்தார். காற்று உள்ளே போனது. பெயர் வெளியே வரவில்லை.

அவர் படிக்கல்லைப் பார்த்தார். நடுவில் குழிந்திருந்தது. யாரோ அதே இடத்தில் வெகுகாலம் நின்றிருக்கிறார்கள்.

"ஒண்ணு போனதும் அடுத்ததுக்கும் அதே பேரா?" என்று மெல்லக் கேட்டார்.

"இந்த ஊர்ல அப்போ அதுதான் வழக்கம்."

"ரெண்டாவதும் போய், மூணாவதுக்கும்?"

"ஆமா."

"செத்த தேதி எழுதலையே. கல்லுகூட இல்லையே."

"சின்னப் பிள்ளைங்களுக்கு யாரு கல் வெச்சா?"

பெர்க்மான்ஸ் குல்லாயைக் கழற்றினார். குளிரில் காது சிவந்தது. மறுபடி மாட்டிக்கொள்ளத் தோன்றவில்லை.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே டீச்சர். இந்தக் குளிர்ல இழுத்துட்டு வந்து… ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மூணு பேரையும் எழுதிக் கொடுத்திருப்பேனே."

"எழுதியிருப்பீங்க."

"அதுதானே வேணும்?"

டீச்சர் கோட்டுப் பொத்தானைப் போட்டுக்கொண்டு பாதையில் இறங்கினார். சற்று தூரம் போய்த் திரும்பினார்.

"போன பிள்ளைங்க பேரை உங்க அம்மா ஒரு தடவைகூடக் கூப்பிடலை. இந்தம்மா தினம் மூணு வேளை கூப்பிட்டிருக்காங்க. வாங்க, பீன்ஸ் அப்படியே கிடக்கு."

மறுநாள் காலை பெர்க்மான்ஸ் தனியாக எஸ்ராவின் பட்டறைக்குப் போனார். டீச்சர் வரவில்லை. "உங்க வேலை, நீங்களே கொடுங்க" என்று சொல்லியிருந்தார்.

வினிஃப்ரெட் தார்ன்பரி அவருக்கு முன்பே வந்து கைத்தடியை ஊன்றி நின்றிருந்தார். காகிதத்தை வாங்கினார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். முகம் சிவந்தது.

"மிஸ்டர் பெர்க்மான்ஸ்! மூணு இருக்கு!"

"ஆமா மேடம்."

"ஒண்ணுன்னு நேத்துச் சொன்னீங்க!"

"சொன்னேன்."

"நீங்க பிழை திருத்துறவர்தானே?"

"ஆமா மேடம்."

"அப்போ இது என்ன? மூணு மெர்சியா? பைத்தியக்காரக் குடும்பம்னு சொல்ல மாட்டாங்களா? எஸ்ரா, உளியைக் கீழே வை. இவர் அடிச்சுக் கொடுக்கிறவரைக்கும் யாரும் எதையும் தொடக்கூடாது."

எஸ்ரா உளியைக் கீழே வைத்தார்.

பெர்க்மான்ஸுக்குக் கோபம் வந்தது. வழக்கத்தை எடுத்துச் சொல்லலாம். ஞானஸ்நானத் தேதிகளைக் காட்டலாம். அரை மணி நேரம் கத்தலாம். கிழவிக்குப் பாதி கேட்காது, கேட்ட பாதியை ஒப்புக்கொள்ள மாட்டார். இந்தக் குடும்பத்தோடு மல்லுக்கட்டி அவருக்கு நாக்கு வறண்டுவிட்டது.

அவர் கிழவியின் காதருகே குனிந்தார்.

"மேடம், உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?"

"எனக்கா? எதுக்கு? அதுதான் புத்தகத்துலயே இருக்கே. மூணு."

பெர்க்மான்ஸ் அப்படியே நின்றார்.

எஸ்ரா கையைத் துடைத்துக்கொண்டார்.

கிழவியின் கைத்தடி தரையில் ஒருமுறை தட்டியது. பிறகு நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மாட்டவில்லை.

"நாலு. ஒண்ணு தங்கலை" என்றார். அவர் மெதுவாகப் பேசி எஸ்ரா கேட்டது அதுதான் முதல் தடவை.

காகிதத்தை எஸ்ராவிடம் நீட்டினார்.

"எல்லாத்துக்கும் இடம் இருக்கா, பாரு."