கடைமடையில் தேங்கிய ரத்தம்

கோணமடை ஊரில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் அதை எடுத்துச் செலவழித்ததில்லை, அவ்வளவுதான். அந்த ஊர்க் கண்மாய்த் தண்ணீருக்கு ஒரு சட்டம் உண்டு. முறை வரும்போது வயலுக்குரியவர் மடையருகே சொந்தக் காலில் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்விடும்.

வெயிலுமுத்துவின் முறை வெள்ளிக்கிழமை. கதிர் பால் பிடிக்கிற நேரம். இந்தத் தண்ணீரை விட்டால் மிஞ்சுவது வைக்கோல்தான். செவ்வாயன்று பார்த்தால் அவருடைய வலது கால் பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது. மனுஷன் நொண்டிக்கொண்டே ஆஸ்பத்திரிக்கு ஓடினார்.

ஆஸ்பத்திரி டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "இதயம் ரத்தத்தைக் கால் வரைக்கும் அனுப்புது. அது திரும்ப மேல ஏறி வரணும். உங்களுக்கு ஏறாம கீழயே தேங்குது. நடந்தா கெண்டைக்கால் சதை அதை மேல தள்ளிவிடும். படுக்கும்போது காலை உயரமா வைங்க."

வீட்டுக்கு வந்ததும் மைத்துனர் மாடக்கண்ணுவும் தண்ணீர்க் கமிட்டித் தலைவர் சங்கிலியும் கூடி உட்கார்ந்து யோசித்தார்கள்.

"இதயம் கண்மாய்னா, கால் கடைமடை" என்றார் மாடக்கண்ணு. "கடைமடைக்குப் போன தண்ணி கண்மாய்க்கு ஏறி வந்து பாத்திருக்கீகளா அண்ணாச்சி?"

"அறுபது வருசத்துல பாத்ததில்லப்பா."

"அப்ப அந்தம்மா விவசாயம் படிக்கல."

ஆகவே காலுக்கு ரத்தம் வரும் வழியை அடைப்பதென்று முடிவாயிற்று. தொடையில் வடக்கயிற்றைப் போட்டு இறுக்கினார்கள். கால் கத்திரிக்காய் நிறத்துக்கு வந்தது. "நல்ல விளைச்சல்" என்றார் சங்கிலி. வெயிலுமுத்து போட்ட கூச்சலில் ஊரே திரண்டுவிட, கயிற்றை அவிழ்த்தார்கள்.

"சரி, உயரமா வைப்போம். எவ்வளவு உயரம்?"

"அளவு சொல்லலையே அண்ணாச்சி."

"சொல்லலைன்னா முடிஞ்ச மட்டும்தான்."

தலையணை வைத்தார்கள், நெல்மூட்டை வைத்தார்கள், வைக்கோல் போரிலும் ஏற்றிப் பார்த்தார்கள். வெள்ளிக்கிழமை விடிந்ததும் வெயிலுமுத்து மடையோரத்து அரசமரத்தில் தலைகீழாகத் தொங்கினார். வீக்கம் நிஜமாகவே வடிந்தது.

"வத்துது மாப்ள, வத்துது!" அவருக்கு ஆனந்தக் கண்ணீர் வந்து நெற்றி வழியாக வழிந்தது. "இப்ப இறக்கி விடு."

"இறக்கினா ரத்தம் மறுபடி கடைமடைக்குப் போயிருமே மச்சான்" என்றார் மாடக்கண்ணு. அதுவும் நியாயமாகத்தான் பட்டது.

அந்நேரம் பார்த்து அடுத்த வயல்காரர் பேச்சிமுத்து வந்து சேர்ந்தார். "சட்டப்படி இவரு நிக்கணும். தொங்கிக்கிட்டில்ல இருக்காரு? தண்ணி எனக்குத்தான்."

வெயிலுமுத்து இரண்டு கையையும் ஆட்டி ஆட்சேபித்தார். தலைவர் தாடையைத் தடவினார். "பதறாதீக. நேர்ல பாத்துத்தான் தீர்ப்பு."

இன்னும் இரண்டு கயிறு வந்தது. சங்கிலியும் பேச்சிமுத்துவும் பக்கத்துக் கிளையில் தலைகீழாகத் தொங்கி, வெயிலுமுத்துவை ஏற இறங்கப் பார்த்தார்கள்.

"நேராத்தான் நிக்கிறாரு" என்றார் சங்கிலி.

"ஆமா, சொந்தக் காலுதான்" என்று பேச்சிமுத்துவும் ஒப்புக்கொண்டார். "நாந்தான் தப்பாப் பாத்துட்டேன்."

வெயிலுமுத்து தொங்கியபடியே இருவருக்கும் கும்பிடு போட்டார். மாடக்கண்ணு ஓடிப்போய் மடைப்பலகையில் கை வைத்தார்.

"தொடாதேடா!" சங்கிலி அலறினார். "இங்கேருந்து பாரு, கண்மாய் நம்ம தலைக்கு மேல கவுந்து கிடக்கு. கீழ வெறும் வானம்! திறந்தா அம்புட்டுத் தண்ணியும் வானத்துல கொட்டிரும்!"

வெயிலுமுத்துவும் பார்த்தார்.

"அடைச்சு வை மாப்ள!" என்று எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். "வானத்துல ஏது எனக்கு வயல்?"